டப்பாவில் ‘முழு சிந்தெடிக்’ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது என்ன?

கேள்வி

வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக ஓடும் என் பெட்ரோல் காருக்கு இதுவரை மினரல் ஆயில்தான் ஊற்றி வந்தேன். இந்த முறை சர்வீஸுக்கு விட்ட இடத்தில், முழு சிந்தெடிக் ஊற்றினால் என்ஜின் ஆயுள் கூடும் என்று சொல்லி, ஏறக்குறைய இரு மடங்கு விலையுள்ள ஆயிலைப் பரிந்துரைத்தார்கள். கடையில் விசாரித்தால், ‘முழு சிந்தெடிக்’ என்றே அச்சிட்ட டப்பாக்களுக்குள்ளும் பெரிய விலை வேறுபாடு இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு வரையறை உண்டா?

மறுமொழி 1

டப்பாவில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய்; மீதி, அழுக்கைப் பிடித்து வைக்கவும் தேய்மானத்தைக் குறைக்கவும் கலக்கப்படும் ஆடிட்டிவ்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ அடிப்படை எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கிறது. முதல் மூன்றும் பொதுவாகக் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறப்படுபவை. அவற்றுள் மூன்றாவது, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து, பாகுநிலைக் குறியீடு (சூடு மாறினாலும் எண்ணெயின் கெட்டித்தன்மை எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பதன் அளவு) 120 அல்லது அதற்கு மேல் இருக்கும்படி உருவாக்கப்படுவது. நான்காவது, சிறு மூலக்கூறுகளை இணைத்துச் செய்யும் பிஏஓ (பாலி ஆல்ஃபா ஓலிஃபின்). எஸ்டர் எனும் செயற்கைச் சேர்மங்கள் முதலானவை ஐந்தாவது.

ஒரு காலத்தில் சிந்தெடிக் என்றால் கடைசி இரண்டையுமே குறித்தது. 1990களின் பிற்பகுதியில் காஸ்ட்ரால் நிறுவனம் தன் சின்டெக் ஆயிலில் பிஏஓவுக்குப் பதிலாக மூன்றாம் தொகுதி எண்ணெயைப் பயன்படுத்தத் தொடங்கியதும், போட்டி நிறுவனமான மொபில் அதை எதிர்த்து, அமெரிக்க விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் முறையிட்டது. 1999இல் முடிவு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது. அது நீதிமன்றத் தீர்ப்பு அன்று; ஆயினும் அதன்பின் மூன்றாம் தொகுதியையும் சிந்தெடிக் என்று விற்பது பரவலாகிவிட்டது. ஜெர்மனியில் இதைத் தனியாக ‘எச்.சி. சிந்தெஸ்’ (HC-Synthese) என்று குறிப்பிடும் வழக்கம் இருக்கிறது. வாங்குபவருக்கு அதுவே நேர்மையான முறை என்பது என் கருத்து.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் மூன்றாம் தொகுதி ஆயில் மட்டமானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சூட்டில் கெட்டியாகாமலும் கசடு படியாமலும் தாங்குவதில் அது சாதாரண மினரல் ஆயிலைவிடத் தெளிவாக மேலானது. டர்போ என்ஜினில் இந்த வேறுபாடு மிக முக்கியம். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2017இல் வெளியிட்ட ஆய்வில், சிந்தெடிக் ஆயில்கள் சாதாரண ஆயில்களைவிடச் சராசரியாக 47 சதவீதம் சிறப்பாகச் செயல்பட்டன. அது ஆயிலைச் சோதனைக்கூடத்தில் சோதித்துக் கண்ட அளவு. என்ஜின் 47 சதவீதம் கூடுதலாக உழைக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. உங்களிடம் ‘ஆயுள் கூடும்’ என்றவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

மறுமொழி 3

டப்பாவின் முன்புறத்தை விட்டுவிட்டுப் பின்புறத்தைப் படியுங்கள், ஐயா. கையேட்டில் உள்ள பாகுநிலை எண்ணும் (5டபிள்யூ-30 போன்றது) ஏபிஐ தரமும் அங்கே இருந்தால் போதும். எஸ்பி போன்ற பிந்தைய பெட்ரோல் என்ஜின் ஆயில் தரங்கள், முந்தைய தரம் கேட்கும் என்ஜின்களுக்கும் பொருந்தும். ‘நீண்ட நாள் தாங்கும்’ என்பதை நம்பி ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் பெட்ரோலும் ஈரமும் எந்த ஆயிலிலும் கலக்கத்தான் செய்யும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கையேட்டில் 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்எல் அல்லது அதற்கு மேல் என்றே இருக்கிறது. என் வண்டியில் டர்போவும் இல்லை. எனவே அந்தத் தரமுள்ள மினரல் ஆயிலையே ஊற்றி, குறித்த கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றப் போகிறேன்.