மூக்கடைப்பு: ஸ்பெகுலம் (மூக்கை விரிச்சுப் பார்க்கிற கருவி) வைக்கிறதுக்கு முன்னாடி என்ன பார்த்தீங்க?

அம்மாபேட்டை ஓ.பி.:
விசைத்தறி ஓட்டுறவர். கையில சி.டி. ஸ்கேன். செப்டம் (மூக்கோட நடுத்தண்டு) இடது பக்கம் வளைஞ்சிருக்குனு ரிப்போர்ட். ஆனா அடைக்குதுனு அவர் விரல் வைக்கிறது வலது பக்கம். "ஸ்கேன்ல பக்கத்தை மாத்திப் போட்டுட்டாங்களா சார்?"னு கேக்குறார். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டுப் போகத்தான் வந்திருக்கார்.

செப்டம் ஒரு பக்கம் சாய்ஞ்சா எதிர்ப்பக்க டர்பினேட் (பக்கச்சுவர்ல இருக்கிற மடிப்பு) பருத்து அந்த இடத்தை நிரப்பும், அகலமான பக்கமே அடைக்கும். இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இவருக்கு அதுவும் இல்லை. வாயை மூடிட்டு சாதாரணமா மூச்சு இழுக்கச் சொன்னா, வலது மடலுக்குச் சற்று மேல பக்கச்சுவர் நனைஞ்ச பாலிதீன் பை மாதிரி உள்ளே குழிஞ்சு செப்டத்தோட ஒட்டுது. விட்டதும் விலகுது. ஸ்பெகுலத்தை வச்சா சுவர் விரிஞ்சிடுது, உள்ளே எல்லாம் நல்லாத் தெரியுது! இத்தனை நாள் பார்த்தவங்க எல்லாரும் நேரா ஸ்பெகுலத்துல ஆரம்பிச்சிருக்காங்க போல.

ஜாப்சன் ப்ரோப்ங்கிற மெல்லிய கம்பியோட மழுங்கின முனையை உள்ளே விட்டு, குழியுற இடத்தை ஒன்றிரண்டு மி.மீ. வெளிப்பக்கம் தாங்கிப் பிடிச்சா "இப்பப் போகுது சார்"ங்கிறார். மடலோட விளிம்பைத் தாங்கினா மாற்றமே இல்லை. செப்டத்தை மட்டும் நேராக்கி அனுப்பினா இவரோட புகார் அப்படியே நிக்கும். சுவருக்குத் தாங்கல் வேணும், அதாவது பேட்டன் கிராஃப்ட் (குருத்தெலும்புத் துண்டை வச்சுத் தாங்குறது). அதுக்கு முன்னாடி சில ராத்திரி மூக்கு மேல ஒட்டுற பட்டை போட்டுத் தூங்கச் சொல்லிப் பாக்கலாம். அதுல சுகம் கிடைச்சா சந்தேகம் இன்னும் குறையும்.

கத்திப்பிடி:
ப்ரோப் வச்சது சரி. ஆனா இதைப் படிச்சுட்டு நாளைக்கே எல்லாரும் வால்வு வால்வுனு (மூக்குல காத்து போற குறுகலான இடம் குழியுதுனு) எழுதுவாங்களேங்கிறதுதான் பயம். வேகமா உறிஞ்சச் சொன்னா நல்ல மூக்கும்தான் குழியும். காற்று வேகம் கூடினா உள்ளே அழுத்தம் குறையும், சுவர் இழுபடும். சாதாரண மூச்சில குழிஞ்சாத்தான் அது நோய். கன்னத்தை இழுத்து மூச்சு திறக்குதானு பார்க்கிற காட்டில் (Cottle) சோதனையும் அப்படித்தான். கன்னத்தை வெளியே இழுத்தா மூக்கே இல்லாதவனுக்கும் திறக்கும்!

கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்துல வேலை பார்க்கிறவர் ஒருத்தர் வந்தார். காட்டில் பாசிட்டிவ்னு சீட்டுல எழுதி, வால்வு ஆபரேஷன்னு கோடு போட்டு அனுப்பியிருந்தாங்க. இரத்த அழுத்தம் பார்த்துட்டு வீக்கத்தைச் சுருக்குற சொட்டு மருந்து, 0.1% சைலோமெட்டாசோலின், ரெண்டு பக்கமும் விட்டு, 15 நிமிஷம் உக்கார வச்சோம். திரும்பக் கன்னத்தை இழுத்தா ஒரு வித்தியாசமும் இல்லை, ஏன்னா இழுக்காமலே மூச்சு போகுது. மொத்தமும் டர்பினேட் வீக்கம். சுருங்குற டர்பினேட்டுக்கு மருந்துதான் முதல், கத்தி அப்புறம்.

குளிர்ந்த ஸ்பேட்டுலாவை மூக்குக்குக் கீழே பிடிச்சு ஆவி படியுறதைப் பார்க்கிறவங்களுக்கும் ஒண்ணு. மூக்குச் சுழற்சி இருக்கு. சில மணி நேரத்துக்கு ஒரு பக்கம் வீங்கும், அப்புறம் மறு பக்கம். 1895லயே கெய்சர் சொன்னது. ஒரு தடவை பார்த்து "இடது குறைவு"னு முடிவு கட்டாதீங்க. நோயாளியோட கஷ்டத்துக்கு நோஸ் மதிப்பெண் போடுங்க: 5 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 4, கூட்டி 5ஆல் பெருக்கினா நூத்துக்கு வரும். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒண்ணு, மூணு மாசம் கழிச்சு ஒண்ணு. அது இல்லாம "நல்லா இருக்கு"ங்கிறதுக்கு அர்த்தமே கிடையாது.

மலைமேல் மருந்தகம்:
ஏற்காட்டுல காப்பிப் பழம் பறிக்கிற அம்மா. முந்தானை முடிச்சுல காசு இருக்கும்னு பார்த்தா சொட்டு மருந்து பாட்டில். பனி இறங்கினா அது இல்லாம தூக்கம் வராதாம், வருஷக்கணக்கா விடுறாங்க. கத்திப்பிடி டாக்டர் சொன்ன அதே சோதனையைச் செஞ்சா, 15 நிமிஷம் ஆகியும் டர்பினேட் அசையல. சிவந்து, தடிச்சு, அப்படியே நிக்குது.

சுருங்காததால உடனே வெட்டணும்னு ஆயிடாது. வாரம் தாண்டி சொட்டு விட்டா இரத்தக்குழாய் அதுக்கு மசியாது, விட்ட கொஞ்ச நேரத்துல முன்னைவிட அதிகமா வீங்கும். முதல்ல சொட்டை நிறுத்தணும். ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல நிறுத்தச் சொன்னா மூணாம் ராத்திரி திரும்ப வாங்கிடுவாங்க. ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஆரம்பிச்சு, ஒரு பக்கம் மட்டும் சொட்டை நிறுத்தி, அது திறந்த பிறகு மறு பக்கம். நிறுத்தி சில வாரம் கழிச்சுப் பார்க்கிறதுதான் உண்மையான சோதனை. அப்பவும் ப்ரோபால அழுத்தினா மெத்துனு இல்லாம எலும்பு தட்டினா டர்பினேட் குறைப்பு பத்திப் பேசலாம்.

தைலம் முகர்ந்தா திறக்குதேம்பாங்க. மெந்தால் குளிர்ச்சி நரம்பைத் தூண்டுது, அவ்வளவுதான். வழி ஒரு மி.மீ. கூட அகலமாகாது.

ஐந்து ரோடு ஸ்ப்ரே அக்கா:
ஸ்ப்ரேன்னு எழுதிட்டா போதுமா டாக்டர்? எங்க மருந்துக்கடைக்கு வந்த காலேஜ் பையன் ஒருத்தன், தினம் ரத்தம் வருது, ஸ்ப்ரேயே வேண்டாம்னு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான். அடிச்சுக் காட்டச் சொன்னேன். நேரா செப்டத்து மேல அடிக்கிறான்.

அதனால சொல்றேன். முதல்ல மூக்கைச் சிந்தணும், சளி இருந்தா உப்புத்தண்ணியில கழுவிட்டு கொஞ்ச நேரம் விடணும். பாட்டிலைக் குலுக்கணும். புது பாட்டில்னா நல்ல புகை வர்ற வரைக்கும் காத்துல அடிச்சுப் பார்க்கணும். தலையை அண்ணாந்தா மருந்து தொண்டைக்குத்தான் போகும், லேசாக் குனியணும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நுனி அதே பக்கத்துக் கண்ணோட வெளி ஓரத்தைப் பார்த்து இருக்கணும், நடுத்தண்டைப் பார்த்து இல்லை. அடிக்கும்போது மெதுவா மூச்சு, உறிஞ்சக் கூடாது. உறிஞ்சி மருந்து நாக்குல கசந்தா அது டர்பினேட்ல தங்கலைனு அர்த்தம். ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஃபுளூட்டிகசோன்னா ஒரு அடிக்கு 50 மைக்ரோகிராம், பெரியவங்களுக்கு வழக்கமா பக்கத்துக்கு ரெண்டு அடி, நாளைக்கு ஒரு தடவை. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், சொட்டு மாதிரி உடனே திறக்காது. இதை முதல் நாளே சொல்லலைனா மூணாம் நாள் குப்பைக்குப் போயிடும். "மருந்துல கேக்கல, ஆபரேஷன் பண்ணுங்க"னு வர்றவங்கள்ல பாதிப் பேரை அடிச்சுக் காட்டச் சொல்லிப் பாருங்க.

தூக்க லேப்:
அக்கா சொன்னது சரி, ஆனா தலைப்பை விட்டு வெகுதூரம் போயிட்டீங்க 🙂

சீபேப் (தூக்கத்துல மூச்சு நிக்கிறவங்களுக்கு முகமூடி வழியா காத்தழுத்தம் கொடுக்கிற மெஷின்) போட்டவர், லாரி டிரைவர். நடுராத்திரி முகமூடியைக் கழட்டி எறிஞ்சுட்டு வாயால இழுக்கிறது கேமராவுல தெரியுது. பகல்ல ஓ.பி.யில உக்கார வச்சுப் பார்த்தா மூக்கு திறந்திருக்கு. கட்டில்ல படுக்க வச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் அடைப்பு. படுத்தா சிரை இரத்தம் தேங்கி டர்பினேட் வீங்கும். குறட்டைக்காரங்களைப் படுக்க வச்சும் பாருங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். இவருக்கு ஸ்ப்ரேயும் சூடேத்தின ஈரப்பதமும் போதுமா இருந்துச்சு.

ஆபரேஷன் பண்றவங்களுக்கு: மூக்கைச் சரி பண்ணினா தூக்கத்துல மூச்சு நிக்கிற நோய் பெரும்பாலும் சரியாகாது. சீபேப் அழுத்தம் குறையும், முகமூடியைச் சகிச்சுப்பாங்க. பலன் அதுதான். "மெஷின் வேண்டாம்"னு வாக்குக் கொடுத்துடாதீங்க.

பிள்ளைகள் வார்டு:
யாரும் சொல்லாததால ஒண்ணு. சின்னப் பிள்ளை, ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, நாத்தத்தோட சளி. சளின்னு சொல்லி வெளியே சொட்டு மருந்து கொடுத்திருந்தாங்க. எக்ஸ்ரேயில வட்டத்துக்குள்ள வட்டம்: பொம்மையோட பட்டன் பேட்டரி. ஒரு பக்க அடைப்பும் நாத்தமும் இருந்தா வேற எதையும் யோசிக்கிறதுக்கு முன்னாடி உள்ளே ஏதோ மாட்டியிருக்குனு நினைங்க. பேட்டரியா இருக்கலாம்னா சொட்டு, உப்புத்தண்ணி எதுவும் விடக் கூடாது. ஈரம் பட்டா மின்னோட்டம் ஓடி காரம் உருவாகி சதையை அரிக்கும், சில மணி நேரத்துலயே. காலையில பார்க்கலாம்னு படுக்க வைக்கிற கேஸ் இல்லை இது. எடுத்த பிறகும் சில வாரம் செப்டத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்க, ஓட்டை தாமதமாவும் விழலாம்.