தெருவோரம் நிற்கும் பழைய ஸ்டாண்டர்டு: ஹெரால்டா, கெசலா?

கேள்வி:
மயிலாப்பூரில் நான் தினமும் நடந்துபோகும் தெருவில் வெளிர்நீல நிறத்தில், நான்கு கதவுகள் கொண்ட பழைய ஸ்டாண்டர்டு நிறுவனக் கார் ஒன்று நிற்கிறது. முன்பக்கக் கிரில்லும் பெயர் எழுத்துகளும் கழன்றுபோய்விட்டன. இது ஹெரால்டா, பின்னர் வந்த கெசலா என்று எப்படி அறிவது?

பதில்:
கதவுகளை வைத்து முடிவு செய்ய இயலாது. ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலமான இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள்தாம். சென்னையிலோ 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டும் தயாரானது, 1970களில் வந்த கெசலும் அதன் வழியில் அமைந்ததே.

பதில்:
பின் அச்சைப் பாருங்கள். ஹெரால்டில் அச்சின் இரு பாதிகளும் தனித்தனியே அசைவதால், ஜாக்கி வைத்துத் தூக்கினால் பின்சக்கரங்களின் அடிப்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து தொங்கும். கெசலில் ஒரே உறுதியான அச்சைப் பொருத்தியதால் அவை நேராகவே நிற்கும். நம் சாலைகளையும் மெக்கானிக்குகளையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்ட அந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

பதில்:
தூக்க வேண்டியதில்லை, உரிமையாளரிடம் அனுமதி பெற்று, பின்புறம் குனிந்து பார்த்தாலே தெரியும். படம் இடுவதானால் பதிவெண்ணையும் தெருவின் பெயரையும் மறைத்துவிடுங்கள். உதிரிபாகங்களுக்காக இத்தகைய வண்டிகளைத் தேடி அலைவோர் பலர் இருக்கிறார்கள்.