கலைச்சொல் தேவை: காருக்குப் பின்னால் வீட்டை இழுத்துக்கொண்டு வாழ்பவருக்கு என்ன பெயர்?

பள்ளத்தூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் அத்தியாயம், காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற டூரிங் கேரவனிலேயே வருடம் முழுக்கக் குடியிருப்பவர்களைப் பற்றியது. இருந்த வீட்டை விற்றுவிட்டோ வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோ கிளம்பியவர்கள். நிலையான முகவரி கிடையாது. அந்த வண்டிக்கு ஒரு சொல், அந்த ஆளுக்கு ஒரு சொல், முகவரி இல்லாத அந்த நிலைக்கு ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு 'நடமாடும் இல்லம்', 'நாடோடி', 'வீடற்றவர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்றுமே ஒட்டவில்லை.

கானாடுகாத்தானிலிருந்து:

கேரவன் என்றே போட்டுவிடுங்கள் அண்ணே. எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

காரைக்குடியிலிருந்து:

எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் சிக்கல். கானாடுகாத்தான்காரரே இப்படிச் சொன்னால் எப்படி? ஷூட்டிங் சமயத்தில் உங்கள் தெருவில் ஜெனரேட்டர் உறும நிற்கிறதே, உள்ளே கதாநாயகர் ஏசியில் உட்கார்ந்திருக்க, அதுதான் தமிழ்நாட்டுக்குக் கேரவன். கையேட்டைப் படிக்கிற பையன் இங்கிலாந்துக்காரர்கள் எல்லாம் மேக்கப் வண்டியில் குடியிருப்பதாக நினைத்துக்கொள்வான்.

பள்ளத்தூர் அண்ணன் எழுதிய 'நடமாடும் இல்லம்' அழகாக இருக்கிறது, ஆனால் எதையும் பிரித்துக் காட்டவில்லை. அங்கே மூன்று வகை உண்டு. எஞ்சினோடு சேர்ந்தது மோட்டார்ஹோம். ஓரிடத்தில் கொண்டுபோய் இறக்கியபின் பெரும்பாலும் அங்கேயே கிடப்பது ஸ்டேட்டிக் கேரவன். நாம் பேசுவது மூன்றாவது, தனக்கென எஞ்சின் இல்லாதது. சாதாரண கார் இழுப்பதென்றால் உடல் நீளம் 7 மீட்டருக்கும் அகலம் 2.55 மீட்டருக்கும் மேல் போகக்கூடாது. இழுபடுவதுதான் இதன் அடையாளம் என்பதால் 'இழுவீடு' என்கிறேன். 'கூண்டு வண்டி' மனதில் வந்தது; பொருளும் பொருந்துகிறது, ஆனால் சொன்னவுடன் மாடு வந்து நிற்கிறது.

'நாடோடி' வேண்டாம். அது இங்கே சில சமூகங்களின் மேல் ஒட்டிய சொல், வசவாகவும் புழங்குகிறது. நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலுக்குள் வரவே 2023 ஆகிவிட்டது. பிரிட்டனிலும் ஜிப்சி, டிராவலர் சமூகங்களின் வரலாறு வேறு, ஓய்வு பெற்றபின் ஆசைப்பட்டு வண்டியேறிய தம்பதியின் கதை வேறு. ஒரே சொல்லில் அடைத்தால் இரு தரப்புக்கும் அநியாயம்.

'வீடற்றவர்' என்பதில்தான் உண்மையான ஆபத்து. இங்கிலாந்துக்குப் பொருந்தும் 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் இதைத் தொட்டுப் பேசுகிறது: ஒருவருக்கு இருப்பிடம் நகரக்கூடிய அமைப்போ வண்டியோ படகோதான் என்றால், அதை நிறுத்தவும் அதில் வசிக்கவும் அவருக்கு உரிமையோ அனுமதியோ உள்ள இடம் எங்குமே இல்லாதபோது அவர் வீடற்றவர். அப்படி ஓர் இடம் இருந்தால் இந்தக் கணக்கில் வரமாட்டார். எல்லா இழுவீட்டுக்காரரையும் வீடற்றவர் என்று மொழிபெயர்த்தால், உள்ளாட்சியிடம் உதவி கேட்க யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்பதே குழம்பிவிடும். சட்டச் சொல்லைச் சட்டத்துக்கே விட்டுவிடுங்கள். ஆளுக்கு என் பரிந்துரை 'வண்டிக்குடி'.

முகவரிக்கு வருகிறேன். 'முகவரி இல்லாதவர்' என்று எழுதினால் பொய்யாகிவிடும். காருக்குக் காப்பீடு, ஓட்டுநர் உரிமம், வங்கி என்று எதைத் தொட்டாலும் ஒரு முகவரி கேட்கிறார்கள். பலர் மகள் வீட்டையோ, கடிதங்களை வாங்கி அனுப்பிவைக்கும் சேவையையோ கொடுக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது படுக்கிற இடத்தைக் காட்டும் முகவரி. கடிதம் வந்துசேரும் முகவரி இருக்கிறது.

இந்தப் பிரிவு நமக்குப் புதிதா என்ன? செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வழக்கில் விலாசம் என்றால் கதவு எண் இல்லை, பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள். மூனா ரூனா என்று சொன்னாலே கடை எது, குடும்பம் எது என்று தெரியும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில், அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடங்களில், ஒரே கூடத்தில் பல கடைகள் நடந்தன. அங்கே கதவு எண்ணை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனவர் மூன்று வருடக் கணக்கில் ஆள் மாறுவார், விலாசம் மாறாது. ஊரில் கோயில் புள்ளிக் கணக்கும் அப்படித்தான். கல்யாணம் ஆனவுடன் ஒரு புள்ளி, அதாவது கோயிலுக்கு வரி கொடுக்கும் ஒரு குடும்பம். அவர் பினாங்கில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் புள்ளி வரி ஊருக்கு வரும். இங்கே பல வளவு வீடுகளில் காவல்காரர் மட்டும்தான் படுக்கிறார், தபால் மட்டும் பங்காளிகள் எல்லார் பெயருக்கும் வருகிறது. ஆகவே படுக்கும் இடத்துக்கு 'நிலைமுகவரி', தபாலும் பெயரும் நிற்கும் இடத்துக்கு 'விலாசம்' என்று பிரிக்கலாம்.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, மற்றதெல்லாம் சரி. 'வண்டிக்குடி' என்றால் வண்டியில் உட்கார்ந்து குடிப்பது என்றுதான் என் பேரன் படித்தான். நானும் அப்படித்தான் படித்தேன். காரைக்குடியில் குடி ஊர்ப் பெயராகிவிட்டதால் உங்களுக்கு உறைக்கவில்லை போலிருக்கிறது. 'வண்டிக்குடியர்' என்று நீட்டினால் போலீஸ் பிடிக்கும்.

நாம் ஆளை வீட்டை வைத்துத்தானே சொல்கிறோம், மேலவீட்டார், பெரியவீட்டார் என்று. வண்டி இழுவீடு என்றால் அதில் இருப்பவர் 'இழுவீட்டார்'. ஒருவருக்கும் ஆகும், குடும்பத்துக்கும் ஆகும். விடுமுறைக்கு மட்டும் இழுத்துப் போகிறவரிடமிருந்து பிரிக்க வேண்டுமென்றால் 'முழுநேர இழுவீட்டார்' என்று போடுங்கள்.

விலாசத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. நம் ஊருக்கு வெளியே விலாசமும் முகவரியும் ஒன்றுதான். மதுரைக்காரருக்கே புரியாது, லண்டனில் இருக்கிற பையனுக்கு எப்படிப் புரியும்?

காரைக்குடியிலிருந்து:

இழுவீட்டார், அருமை ஆச்சி. வண்டிக்குடியைக் கைவிடுகிறேன். விலாசத்தை விட மனமில்லை. 'அஞ்சல் விலாசம்' என்று முன்னொட்டுப் போட்டால் மதுரைக்கும் புரியுமே.

பள்ளத்தூரிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. ஒரு பத்தியை ஓட்டிப் பார்த்தேன்:

"நிலைமுகவரி இல்லாத முழுநேர இழுவீட்டாரும் வாக்காளராகப் பதியலாம். தாம் அதிக நேரம் இருக்கும் ஊரையோ, முன்பு குடியிருந்த ஊரையோ காட்டி ஊர்த்தொடர்பு உறுதிமொழி கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரிடம் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை. இழுவீட்டைக் கண்ட இடத்தில் நிறுத்திக் குடியிருக்க முடியாது. விடுமுறைக்கு மட்டும் உரிமம் பெற்ற முகாம்கள் அதை நிரந்தர வீடாக்க விடுவதில்லை."

தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. 'ஊர்த்தொடர்பு' நானே போட்டது, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள். நம் தேர்தல் ஆணைய முறையையும் பக்கக் குறிப்பாகச் சேர்க்க ஆசை: இங்கே வீடில்லாதவர் விண்ணப்பித்தால் வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து, சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். அங்கே தொடர்பைக் கேட்கிறார்கள், இங்கே தூக்கத்தைப் பார்க்கிறார்கள்.

அஞ்சல் விலாசத்தை அடைப்புக்குறிக்குள் ஒருமுறை விளக்கிவிட்டுப் பயன்படுத்துகிறேன். ஆச்சி மன்னிக்க வேண்டும்.

அடுத்தது: முகாம் குழாயில் தண்ணீர் பிடித்து, தரையில் உருட்டிக்கொண்டே இழுவீட்டுக்குக் கொண்டுவரும் 40 லிட்டர் பீப்பாய். உருளை என்றால் சிலிண்டர் ஆகிவிடுகிறது.

தேவகோட்டையிலிருந்து:

உருட்டுக்குடம். விலாசம் பற்றி நாளை எழுதுகிறேன்.