2023 எண்டூரன்ஸ் சீசன்: 33ஆம் எண் கார்வெட்டைப் பின்தொடர உதவுங்கள்

நண்பர்களே, 2023 உலக எண்டூரன்ஸ் (நீண்ட நேர கார் பந்தய) சாம்பியன்ஷிப்பை முதலிலிருந்து மறுபடி பார்க்கிறேன். லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ் ஃபெராரிக்கு, மற்ற ஆறு ரேஸும் டொயோட்டாவுக்கு. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வேண்டியது ‘எல்எம்ஜிடிஇ ஆம்’ (LMGTE Am) வகுப்பு, அதாவது அமெச்சூர் ஓட்டுநர்களும் ஓட்டும் ஜிடி கார்களின் பிரிவு, அதிலும் 33ஆம் எண் கார்வெட். லே மான்ஸில் டேம்பர் (அதிர்வு தாங்கி) மாற்றப்போய் இரண்டு லேப் பின்தங்கிய கார், கடைசியில் வகுப்பையே ஜெயித்தது! சீசன் பட்டமும் அதற்குத்தான்.

அந்த இரண்டு லேப்பை எந்தெந்த மணி நேரத்தில், யார் கையில் மீட்டார்கள்? கேமரா பெரும்பாலும் முதன்மை வகுப்பான ஹைப்பர்கார்கள் பக்கமே நிற்கிறது. டைமிங் தாளில் வகுப்பு நிலவரத்தையும் ஓட்டுநர் மாற்றத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி? யாராவது எக்ஸெல் போட்டு வைத்திருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அந்தக் காரின் வெண்கலத் தர (அமெச்சூர்) ஓட்டுநர் பென் கீட்டிங் ஓட்டிய பகுதிகள் மட்டும் கிடைத்தாலும் சரி, அதிலிருந்தே தொடங்கிவிடுவேன்.