டிசம்பர் விடுப்பில் முதல் முக்குளிப்புப் பயணம்: தியோமான் இல்லையென்றால் வேறு எங்கே?

பொங்கோல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் செப்டம்பர் பள்ளி விடுமுறையின்போது மலேசியாவின் தியோமான் தீவில், முக்குளிப்பின் தொடக்கநிலையான ஓபன் வாட்டர் சான்றிதழ் பெற்றோம். நீச்சல் குளப் பயிற்சியை இங்கே சிங்கப்பூரிலேயே முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி நெரிசலில் நின்று மெர்சிங் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து படகேறும் வழக்கமான வகுப்புதான். கடலில் இறங்கிய ஒவ்வொரு முறையும் பயிற்றுநர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தார். ஆகவே அட்டை கைக்கு வந்துவிட்டது என்றாலும், நாங்களே ஓர் இடத்தைத் தேர்ந்து முன்பதிவு செய்யும் அளவுக்கு இன்னும் தெளிவு வரவில்லை.

டிசம்பர் நடுவில் இருவருக்கும் ஒரே வாரத்தில் விடுப்பு கிடைத்திருக்கிறது. தியோமானுக்கே மறுபடியும் போகலாம் என்று கேட்டதற்கு, அப்போது மழைக்காலம், அங்கே முக்குளிப்புக் கடைகள் திறந்திருக்காது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். அலுவலக நண்பர் ஒருவர் மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள சிப்பாடானைத் தவிர வேறெதுவும் கடலே இல்லை என்பதுபோல் பேசுகிறார். இன்னொருவர் தாய்லாந்தின் சிமிலன் தீவுகளில் படகிலேயே தங்கும் பயணத்தைப் பரிந்துரைக்கிறார். மைத்துனி பாலிக்குப் பக்கத்திலுள்ள நூசா பெனிடாவின் படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். மாமியார் சென்னையில் இருப்பதால், அவரைப் பார்த்துவிட்டு அப்படியே அந்தமானுக்குப் போகலாம் என்பது மனைவியின் எண்ணம்.

எங்கள் நிலையையும் சொல்லிவிடுகிறேன். மனைவிக்குப் படகு சற்று ஆடினாலே தலைசுற்றும். எனக்கு இடக்காது மெதுவாகத்தான் அழுத்தம் சமன் ஆகும். அவசரமாக இறங்கினால் வலிக்கும். அத்துடன் நான் காற்றை மிக வேகமாக இழுக்கிறேன்: என் சிலிண்டரின் காற்றழுத்த அளவுமானி 70 பார் காட்டும்போது அவருடையது 110இல் நிற்கிறது. இப்படிப்பட்ட இருவருக்கு எந்த இடம் பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நீலக்கோடு:

வணக்கம், வாழ்த்துகள். இடத்தின் பெயரை வைத்துத் தொடங்காமல் மாதத்தை வைத்துத் தொடங்கினால் உங்கள் பட்டியல் தானாகவே பாதியாகிவிடும். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து மலேசியாவின் கிழக்குக் கரையை நேராக வந்து அடிப்பதால், தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் எல்லாமே ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓய்ந்துவிடுகின்றன. தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ தாவ் தீவுக்கும் ஆண்டின் இறுதிதான் மழைக்காலம். அதே காற்று மலாய்த் தீபகற்பத்தைக் கடந்து மேற்குப் பக்கம் போகும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், அந்தமான் கடல் அந்த மாதங்களில் அமைதியாக இருக்கும். சிமிலன் தேசியப் பூங்கா அக்டோபர் 15 முதல் மே 15 வரை மட்டுமே திறந்திருப்பதற்கும் இந்தக் காற்றின் போக்குதான் காரணம்.

ஆனாலும் உங்கள் இருவருக்கும் சிமிலனை இப்போது பரிந்துரைக்க மாட்டேன். படகில் தங்கும் பயணத்தில் பகலெல்லாம் அடுத்தடுத்து இறங்க வேண்டியிருக்கும்; படகு ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவருக்கு இடையில் ஓடி ஒளியக் கரை இருக்காது. தீவுகளின் கிழக்குப் பக்கம் சாந்தமான பவளச் சரிவு என்றாலும், மேற்குப் பக்கத்துப் பாறைகளுக்கிடையே நீரோட்டம் வேகமாகப் பாயும். குழுவில் அனுபவசாலிகள் அதிகமாக இருந்தால், திட்டம் அவர்களுக்கேற்பத்தான் அமையும்.

சிப்பாடானைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் அது உங்களுக்கான அறிவுரை அன்று. கடற்படுகையிலிருந்து சுமார் 600 மீட்டர் எழுந்து நிற்கும் தீவு அது. கரையிலிருந்து சில அடி தள்ளினால் கீழே தரையே கிடையாது. மிதப்புக் கட்டுப்பாடு இன்னும் கைவராத ஒருவர் அங்கே தன்னையறியாமல் ஓபன் வாட்டர் சான்றிதழின் எல்லையான 18 மீட்டரைத் தாண்டி இறங்கிவிடுவது மிக எளிது. அனுமதிச் சீட்டுகளுக்கு நாளொன்றுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அங்குள்ள நிறுவனங்கள் பெரும்பாலும் அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் சான்றிதழையும் கேட்கின்றன. நூசா பெனிடாவை நான் இன்னும் அழுத்தமாகவே மறுப்பேன். எல்லாரும் படம் போடும் அந்தப் பெரிய சூரியமீன் தென்படும் காலம் ஜூலை முதல் அக்டோபர் வரை. டிசம்பரில் அது இல்லாமல், அங்கே பெயர்பெற்ற நீரோட்டம் மட்டும் உங்களுக்காகக் காத்திருக்கும்.

என் தேர்வு பாலியின் வடகிழக்குக் கரையில் உள்ள துலாம்பென். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு உள்ளான அமெரிக்கச் சரக்குக் கப்பலான லிபர்ட்டியை இழுத்துவந்து இந்தக் கரையில் ஏற்றினார்கள். 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது அது கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் சாய்ந்தது. ஏறத்தாழ 120 மீட்டர் நீளம். மேல் பகுதி 5 மீட்டர் ஆழத்திலேயே தொடங்குகிறது, அடிப்பகுதி 30 மீட்டரை எட்டுகிறது. கரையிலிருந்து நடந்தே இறங்கலாம், படகு தேவையில்லை என்பதால் உங்கள் மனைவியின் தலைசுற்றலுக்கு அங்கே வேலையில்லை. இரும்புச் சட்டங்களெல்லாம் இப்போது பவளமும் கடற்பஞ்சும் மூடிக் கிடக்கின்றன. விடியற்காலையில் இறங்கினால் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாகச் செல்வதைக் காணும் வாய்ப்பு உண்டு. தெற்கு பாலியிலிருந்து ஒரு நாள் பயணமாக வருபவர்கள் காலை ஒன்பது, பத்து மணிக்கு வந்து நெருக்கியடிப்பார்கள்; எனவே அவ்வூரிலேயே தங்குவது நல்லது.

உங்கள் காற்றுச் செலவுக்கும் இந்தச் சரிவு பொருத்தமானது. வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லிட்டர். 200 பாரில் தொடங்கி 50 பாரை மிச்சம் வைத்தால், 1,650 லிட்டர் காற்று உங்கள் கையில் இருக்கும். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 18 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் அதைப்போல் 2.8 மடங்கு செலவாகும். அரை மணி நேரம்கூடத் தாங்காது. அதே ஆள் 9 மீட்டரில் இருந்தால் நாற்பது நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். துலாம்பெனில் காற்று குறையக் குறையச் சரிவில் மெல்ல மேலேறிக்கொண்டே வரலாம். மேலேறி வெளியே வரும் முன் 5 மீட்டரில் நிற்கும் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தையும் வெறும் நீரில் தொங்காமல் மீன்களுக்கு நடுவே கழிக்கலாம். காது மெதுவாகச் சமன் ஆகிறவருக்கும் இந்தத் தரைச் சரிவே வசதி.

குறையையும் சொல்ல வேண்டும். டிசம்பர் பாலியிலும் மழைக்காலம்தான். ஆகுங் மலை மறைப்பதால் வடகிழக்குக் கரையில் தெற்கைவிட மழை குறைவு. இருந்தாலும் பெருமழைக்குப் பிறகு ஓரிரு நாள் நீர் கலங்கும். கரையில் மணல் கிடையாது, வழுவழுப்பான கருங்கற்கள்தாம். அலை இருக்கும் நாளில் முதுகில் சிலிண்டரோடு அவற்றின்மேல் கால் ஊன்றுவது எளிதன்று. கெட்டியான அடியுள்ள காலணி கட்டாயம் வேண்டும். அவ்வூர்ப் பெண்கள் சிலிண்டர்களைத் தலையில் வைத்துக்கொண்டு அதே கற்களின்மேல் ரப்பர்ச் செருப்போடு நடந்து போவதைப் பார்க்கும்போது நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.


தெற்குத்தீவு:

துலாம்பென் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் செப்டம்பரில் பெற்ற சான்றிதழோடு டிசம்பர் வரை தண்ணீரையே தொடாமல் இருந்துவிட்டு நேராக அங்கே போய் இறங்க வேண்டாம். நம் வீட்டு வாசலிலேயே, சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவு இருக்கிறது. வார இறுதிகளில் உள்ளூர்க் கடைகள் ஒரு நாள் படகு விடுகின்றன. எதிரே புக்கோம் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் நிற்க, கீழே கலங்கிய பச்சை நீர் இருக்கும். பார்வை இரண்டு மீட்டர் கிடைத்தால் அன்று நல்ல நாள். ஆனால் அந்தச் சேற்றுக்குள்ளேதான் கடல் குதிரையும், நகத்தளவே உள்ள ஓடில்லாக் கடல் நத்தைகளும் இருக்கின்றன. விளக்கை அருகில் பிடித்து நிதானமாகத் தேடப் பழகியவருக்கு அவை கண்ணில் படும்.

நான் இதை முக்கியமாகச் சொல்வது, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடைக்காக. பயிற்சி வகுப்பில் பெரும்பாலும் தேவைக்கு மேல் ஒன்றிரண்டு கிலோ கூட்டியே கட்டிவிடுவார்கள். அந்தக் கூடுதல் எடையைச் சமாளிக்கப் பிசிடி எனப்படும் மிதப்புச் சட்டைக்குள் அடிக்கடி காற்றை ஏற்றி இறக்குவதாலும், கால்களைப் பலமாக உதைப்பதாலும்தான் புதியவர்களின் காற்று விரைவில் தீர்கிறது. ஹந்துவில் ஒரு நாளை இதற்காகவே ஒதுக்கி, சிலிண்டரில் காற்று குறைந்த நிலையிலும் 5 மீட்டரில் அசையாமல் நிற்க எத்தனை கிலோ போதும் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் 70க்கும் மனைவியின் 110க்கும் உள்ள இடைவெளி அதிலேயே ஓரளவு சுருங்கிவிடும்.


கரைநண்டு:

மேலே உள்ளவர் சொல்லும் எடைப் பயிற்சி சரிதான், இடம்தான் எனக்கு உடன்பாடில்லை. கை நீட்டினால் விரல் மங்கும் நீரில், இணையரின் துடுப்பு ஒருமுறை கண்ணிலிருந்து மறைந்தாலே புதியவருக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கும்; அந்தப் பதற்றத்தில் மூச்சு இன்னும் வேகமாகும். ஹந்து நல்ல இடம்தான், ஆனால் கொஞ்சம் பழகிய பிறகு. எடையை நீச்சல் குளத்திலேயே நினைவூட்டல் வகுப்பு ஒன்றில் சரிபார்க்கலாம். கடல்நீரில் மிதப்பு கூடும் என்பதால் துலாம்பெனில் முதல் இறக்கத்தில் சற்றே கூட்டிக்கொண்டால் போதும்.

அந்தமானைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான விமானப் பயணம்; பிறகு படகில் ஹேவ்லாக், அதாவது இன்றைய ஸ்வராஜ் தீவு. வழிகாட்டிகளிடம் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த மொழியிலேயே பேசிக்கொள்ளலாம் என்பதும், மாமியாரைப் பார்த்துவிட்டு வரலாம் என்பதும் சிறு சலுகைகள் அல்ல. ஆனால் 2010இல் கடல் வெப்பம் கூடியபோது அங்கே ஆழம் குறைந்த இடங்களில் பவளம் வெளிறிப் பெருமளவு மடிந்தது. பெயர்பெற்ற ஜானீஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள் போன்ற இடங்கள் பெரும்பாலும் 18 மீட்டருக்குக் கீழே இருப்பதால் உங்கள் சான்றிதழின் எல்லைக்குள் வராது. மேலும் டிசம்பரின் முதல் பாதி வங்கக் கடலில் புயல் காலம். 2016 டிசம்பர் தொடக்கத்தில் ஹேவ்லாக்கில் சிக்கிய சுற்றுப்பயணிகளை அழைத்துவர இந்தியக் கடற்படை கப்பல் அனுப்ப வேண்டியிருந்தது. ஒரே வார விடுப்புக்குள் அத்தனை படகையும் விமானத்தையும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் போகலாம், அதற்குள் அட்வான்ஸ்ட் முடித்திருந்தால் இன்னும் நல்லது.

எந்த ஊரானாலும் பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அவசரத்துக்கு ஆக்ஸிஜன் கையிருப்பில் இருக்கிறதா, ஒருவருக்குக் காற்று சீக்கிரம் தீர்ந்தால் இணையரோடு சேர்த்து மேலே கொண்டுவிடுவார்களா? நால்வருக்கு மேல் ஒரு வழிகாட்டி என்றால் நான் வேறு கடை பார்ப்பேன். சளி பிடித்திருந்தால் மூக்கடைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பாதியில் மருந்தின் வேகம் குறைந்தால் ஏறும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். ஏற்கெனவே மெதுவாக இருக்கும் இடக்காதுக்கு அந்தச் சோதனை வேண்டாம்.


பொங்கோல்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. மாதத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் துலாம்பென் என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்டோம். அந்தமானை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க மனைவியும் சம்மதித்துவிட்டார். நீச்சல் குளத்தில் நினைவூட்டல் வகுப்புக்கும் கேட்டிருக்கிறோம். இன்னும் ஓர் ஐயம்: தியோமானிலிருந்து பேருந்தில் திரும்பியதால் கடலில் இறங்கிய பின் விமானம் ஏற எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டி வரவில்லை. பாலியில் கடைசி நாளைக் கிந்தாமணியில் பாத்தூர் எரிமலையையும் பெசாகி கோயிலையும் பார்த்துவிட்டு இரவு விமானத்தில் திரும்பலாம் என்று நினைத்தோம். முந்தைய நாள் மாலை வரை இறங்கலாமா?


நீலக்கோடு:

விமானத்தைவிட அந்த மலைகளைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறும் முன் வெளியழுத்தம் குறைவதுதான் ஆபத்து. அது விமானத்தில் குறைந்தாலும் மலைமேல் குறைந்தாலும் உடலுக்கு ஒன்றே. கிந்தாமணி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகுங் சரிவிலுள்ள பெசாகி ஏறத்தாழ 1,000 மீட்டர். முந்தைய நாள் மாலை ஐந்துக்குக் கரையேறிவிட்டு மறுநாள் காலை பத்துக்கு அங்கே நிற்பீர்களானால், இரவு விமானத்துக்குக் கணக்கு சரியாக இருந்தாலும் மலைக்குச் சரியாக இருக்காது.

ஆகவே வரிசையை மாற்றிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து துலாம்பெனுக்குக் காரில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். வந்து இறங்கும் நாளிலேயே பெசாகியைச் சுற்றிக்கொண்டு போகலாம், அதன் பிறகு கடலில் இறங்குவதில் தடையில்லை. திரும்பும் நாளுக்குக் கரைச் சாலையையே வைத்துக்கொண்டு, வழியில் தீர்த்த கங்கா நீர் அரண்மனையைப் பாருங்கள். அது அவ்வளவு உயரத்தில் இல்லை. கடைசி இறக்கத்தை முந்தைய நாள் நண்பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்கமான பயணக் காப்புறுதி முக்குளிப்பை ஏற்கிறதா, எந்த ஆழம் வரை, நைட்ரஜன் பாதிப்புக்குத் தரும் உயர் அழுத்த அறைச் சிகிச்சையும் அதில் அடங்குமா என்பதை விமானச் சீட்டு வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். டென்பசாரில் அந்த அறை இருக்கிறது, ஆனால் செலவு லேசானதன்று.