மதுரையிலிருந்து சிநேகிதிகள் வருகிறார்கள், திருமலையில் எதைக் காட்டுவது?

மதுரைக்காரி:
கல்யாணமாகி இலங்கையில் திருமலைக்கு (திருகோணமலைக்கு) வந்தவள் நான், வீடு உப்புவெளியில். கல்லூரிச் சிநேகிதிகள் மூன்று பேர் ஆகஸ்டில் வருகிறார்கள். வெள்ளி காலை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வேன் பிடித்து ஹபரணை வழியாகச் சாயங்காலம் வீடு வந்து சேர்வார்கள். திங்கள் விடியக் கிளம்ப வேண்டும். இப்போதே வாட்ஸப்பில் பட்டியல் வந்துவிட்டது: கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், புறாமலைத் தீவு. "ஒரே நாள்ல முடிச்சுரலாம்ல?" என்கிறார்கள். முடித்துவிடலாம்தான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு சங்கடம். அதில் ஒருத்திக்கு வாய் சும்மா இருக்காது. ஆட்டோவில் ஏறியதுமே டிரைவரிடம் "சண்டை நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஆரம்பிப்பாள். என் மாமியாரிடமும் கேட்பாள். நான் அவரிடம் அதை ஒருநாளும் கேட்டதில்லை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே அவராகச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இவளை எப்படித் தயார் செய்வது?

கோட்டையடியான்:
தங்கச்சி, கோணேசர் கோயிலுக்கு நேரே மேலே கொண்டுபோய் இறக்காதேங்கோ. பிரெட்ரிக் கோட்டை வாசலிலேயே இறக்கிவிடுங்கோ. நுழைகிற இடத்தில் கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கு, பாண்டியர் சின்னம். மதுரைச் சனத்துக்கு இதைவிட என்ன வரவேற்பு வேணும்? குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் கல்வெட்டும் அங்கேதான், எழுத்து பாதி சிதைந்துபோய். சொன்னபடியே 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் சேர்த்துத்தான் கோட்டையைக் கட்டினார்கள். இதைத் தெரிந்துகொண்டு மேலே ஏறினால் பார்க்கிற பார்வையே வேறு.

உச்சி வெயிலில் போக வேண்டாம், செருப்பைக் கழற்றியபிறகு பாறை கொதிக்கும். வழியில் புள்ளிமான்கள் வந்து கைப்பையில் மூக்கை நுழைக்கும், பொலித்தீனோடு எதையும் நீட்ட விடாதேங்கோ. இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவில் எட்டிப் பார்க்கும்போது ஒன்று சொல்லுங்கோ: 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கீழே இருக்கிற அந்தக் கடலில் மூழ்கித்தான் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள்.

நிலாவெளித் தம்பி:
அக்கா, புறாமலைக்கு விடியவே வாங்க. ஆகஸ்டில் கடல் அமைதிதான், ஆனால் சனி ஞாயிறு கொழும்புச் சனம் குவியும். டிக்கட் வேறு, படகுக் காசு வேறு. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், இந்தியா போன்ற சார்க் நாட்டவருக்குத் தனிக் கட்டணம். தயவுசெய்து முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) கால் வைக்க விடாதீங்க. நீந்தத் தெரியாதவர்கள் பயத்தில் எழுந்து நிற்பது அதன் மேலேதான். சின்னச் சுறா கண்ணில் பட்டால் கத்தவும் வேண்டாம், அது தன் பாட்டில் போய்விடும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
மகள், கன்னியாவில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ள அரை மணி நேரம் போதும். இறந்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வந்த குடும்பங்கள் அங்கே நிற்கும், அவர்களைப் படம் எடுக்கக் கூடாது என்று முதலே சொல்லிவையுங்கோ.

ஞாயிறு பின்னேரம் பஸ்ஸில் கிண்ணியாவுக்குக் கூட்டிப்போங்கோ. 2009இல் பாலம் திறக்கும்வரை நாங்கள் 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் கடலைக் கடந்தோம், சைக்கிள், ஆடு, கலியாண வீட்டுச் சாமான் எல்லாத்தோடும். அந்தப் பாலத்தில் நின்று காற்று வாங்குகிற சுகம் எந்தப் பட்டியலிலும் வராது. உங்கள் உப்புவெளியில் இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய்களின் மயானமும் இருக்கு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் இங்கே குண்டு போட்ட கதையை அங்கே நின்று சொல்லலாம்.

மற்ற விஷயம். "உங்கட ஊர் எது?" என்று மட்டும் அந்தப் பிள்ளை கேட்கட்டும். இங்கே எத்தனையோ பேரிடம் அதற்கு இரண்டு பதில் இருக்கும்: பிறந்த ஊர் ஒன்று, இப்போது இருக்கிற ஊர் ஒன்று. சொல்ல மனம் வந்தால் இரண்டுக்கும் நடுவில் நடந்ததை அவர்களே சொல்வார்கள். வராவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்ப வேண்டியதுதான்.

மதுரைக்காரி:
ரொம்ப நன்றி ஐயா. அப்படியே அவளுக்கு அனுப்பினேன். "சரி, ஊரை மட்டும் கேக்குறேன். சம்பளம் கேக்கலாமா?" என்று பதில் வந்திருக்கிறது. கயல் விஷயத்தை இவர்களிடம் சொல்லப் போவதில்லை அண்ணா, வாசலில் அவர்களாகக் கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம்.

நிலாவெளித் தம்பி:
போகிற வழியில் கந்தளாயில் எருமைத் தயிர்ச் சட்டியைப் பார்த்ததும் வேனை நிறுத்தச் சொல்வாங்க அக்கா. விமானத்தில் கையில் கொண்டுபோக விடமாட்டான். கரண்டியும் கித்துள் பாணியும் (ஒரு வகைப் பனைப் பாகு) கொடுத்து அனுப்புங்க, ஹபரணைக்குள் காலி பண்ணிவிடட்டும்.