நல்ல டிரில்லிங் முடிவு வந்த பிறகும் தங்கச் சுரங்கம் திறக்க ஏன் இத்தனை வருடம்?

கருங்கல்: புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டன்னுக்கு 2 கிராம் தங்கம், 40 மீட்டர் நீளத்துக்கு என்று ஒரு அறிவிப்பு வருகிறது. தாது மேலேயே இருக்கிறது, திறந்தவெளிச் சுரங்கம்தான், ஷாஃப்ட் (செங்குத்துச் சுரங்கக் கிணறு) இறக்கும் வேலைகூட இல்லை. அப்படியும் முதல் தங்கக் கட்டி வார்க்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகிறதே, அனுமதிக்காகக் காத்திருப்பது மட்டும்தான் காரணமா?

கோர்பெட்டி: அனுமதி ஒரு பகுதிதான். முதலில், அந்த 40 மீட்டர் துளையின் நீளம், தாதுவின் உண்மையான தடிமன் இல்லை, துளை தாதுப்படிவைச் சாய்வாக வெட்டியிருந்தால் பாதிகூட இல்லாமல் போகலாம். தங்கம் சீராகப் பரவியிருப்பதும் இல்லை, துளையிலிருந்து எடுத்த ஒரே பாறை உருளையை (கோர்) இரண்டாகப் பிளந்து இரு பாதியையும் சோதித்தால் இரண்டு விடை வரும். அதனால் துளைகளை நெருக்கிக்கொண்டே போய், அனுமானம் என்ற நிலையிலிருந்து நம்பத்தக்க கையிருப்பு என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இடையிடையே தங்கமே இல்லாத மாதிரிகளையும், அளவு தெரிந்த மாதிரிகளையும் சொல்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்ப்போம். இந்தோனேசியாவின் புசாங்கில் மாதிரிகளில் தங்கத்தூள் கலந்த பிரெ-எக்ஸ் நிறுவன மோசடி 1997-இல் வெளிவந்த பிறகு இதிலெல்லாம் கெடுபிடி அதிகம்.

சயனைடு_தொட்டி: தங்கம் இருப்பது வேறு, அதைப் பிரித்தெடுக்க முடிவது வேறு. மேலடுக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்த தாது என்றால் குவித்துவைத்து சயனைடு கரைசல் தெளித்தாலே பெரும்பகுதி கரைந்து வந்துவிடும். கீழே சல்ஃபைடு (கந்தகம் சேர்ந்த தாது) தொடங்கியதும் அதன் கனிமங்களான பைரைட்டுக்குள்ளும் ஆர்சனோபைரைட்டுக்குள்ளும் தங்கம் பூட்டிக்கிடக்கும், வறுத்தோ அழுத்தக்கலனில் போட்டோ பாக்டீரியாவை விட்டோதான் திறக்க வேண்டும், ஆலைச் செலவே வேறு கணக்காகிவிடும். தாதுவிலேயே கரி இருந்தால் கரைந்த தங்கத்தை அதுவே திரும்ப இழுத்துக்கொள்ளும். இந்தச் சோதனைகளைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதுதான் பல திட்டங்களைக் கவிழ்க்கிறது என்பேன்.

கருங்கல்: சரி, அப்போ டன்னுக்கு 1 கிராம் என்றால் கட்டுப்படியாகவே ஆகாதா?

பெஞ்ச்12: ஆகும், கழிவுப்பாறை விகிதம் இடம் கொடுத்தால். 1 டன் தாதுவுக்கு 5 டன் கழிவு, ஆலையில் 90 சதவீதம் மீட்பு என்று வையுங்கள்: 6 டன் பாறையை வெடித்து அள்ளி 0.9 கிராம் எடுக்கிறீர்கள். சுவரின் சாய்வை இரண்டு மூன்று டிகிரி குறைக்க வேண்டி வந்தாலே ஆழமான குழியில் பல லட்சம் டன் கழிவு கூடும், அதனால்தான் பாறை உறுதிக்கும் நிலத்தடி நீருக்கும் தனித் துளைகள் போடுகிறார்கள். இன்னொன்று, டன்னுக்கு 1 கிராம் எடுத்தால் மீதி டன் முழுக்கச் சகதியாகக் கழிவணைக்குப் பின்னால் நிற்கும். 2019-இல் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புத்தாதுக் கழிவணை உடைந்து சுமார் 270 பேர் இறந்தார்கள். அணைக்கு இடம் தேர்வதில் அவசரமே கூடாது. அருகில் இருக்கும் மக்களின் கிணற்று நீரை எல்லாப் பருவத்திலும் முன்கூட்டியே அளந்துவைப்பதும் அப்படித்தான், குறைந்தது ஒரு முழு வருடம் போய்விடும்.

அப்புறம்தான் நிதி, கட்டுமானம், மேல்மண்ணையும் கழிவையும் அகற்றுவது எல்லாம். உற்பத்தி தொடங்கியபின் வெடிவைக்கப் போடும் துளைகளின் மாதிரிகளை வைத்து எந்த லாரி ஆலைக்கு, எது கழிவுமேட்டுக்கு என்று தினமும் பிரிக்க வேண்டும். துளை முடிவுகளை வைத்துக் கணித்த மாடல் சொன்ன தங்கமும் ஆலையில் வந்த தங்கமும் ஒத்துப்போகிறதா என்பது முதல் வருடத்தில்தான் தெரியும்.